மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது, அழுத்தம் இறங்கியதா?

ஒரு வாசகரின் கூற்று, 2 ஆகஸ்ட் 2025

"மக்களைத் தேடி மருத்துவம் என்ற பெயரில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது மக்களைச் சோம்பேறிகளாக்கும் வேலை. நடந்து போய் வாங்கினால் அந்த நடையாவது உடம்புக்கு நல்லது. மூன்று வேளையும் சோறு தின்பதை நிறுத்தச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நீட்டுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. இதற்கு ஐ.நா. விருது வேறு."

3 ஆகஸ்ட் 2025

சோம்பேறி என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்தவன் நான். மருந்து ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்களை உள்ளிருந்து பார்த்தே என் காலம் கழிந்தது.

சிவகங்கை மாவட்டத்தில் நான் வேலை பார்த்த ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து ஏழே காலுக்கு வரும், அடுத்தது பத்தரைக்கு. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதால் ஏழே கால் பேருந்தில் வந்து இறங்குவார்கள். ரத்தம் எடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, என் ஜன்னலுக்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். அன்றைய கூலி போயிற்று. நூறு நாள் வேலை நடக்கும் பருவமாக இருந்தால் அன்றைய வருகைப் பதிவும் போயிற்று. முப்பது மாத்திரைக்காக ஒரு நாள் வருமானத்தை இழக்க மனமில்லாமல் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நா எழாது. அவர்கள் வரவில்லை என்று நோட்டில் சிவப்பு மையில் குறித்து வைத்தவன் நான். ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டவன் அல்லன்.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியது. நாளை மறுநாளோடு நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்களே தன்னார்வலர்களாக வீட்டுக்கு வருகிறார்கள். மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் கிடப்பவர்களுக்கான பராமரிப்பும், வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான பைகளும் இதே திட்டத்தில் வீட்டுக்கு வருகின்றன. பக்கவாதத்தில் விழுந்தவரை நடந்து வந்து மாத்திரை வாங்கச் சொல்ல முடியாது அல்லவா?

இது ஒரே நாளில் முளைத்ததும் அன்று. மத்திய அரசு 2008இல் நாடெங்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. அதற்கும் முன்பே உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் விருதுநகரிலும் சிவகங்கையிலும் இதய நோய்த் தடுப்புக்கு முன்னோடித் திட்டம் நடந்தது. எங்கள் நிலையத்துக்குக் காய்ச்சலுக்கோ புண்ணுக்கோ வருகிற, முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அழுத்தம் பார்த்து அனுப்ப வேண்டும் என்று அப்போதுதான் உத்தரவு வந்தது. தேள் கடிக்கு வந்தவருக்கும் பார்த்தோம். வலியில் துடித்தவருக்கு 170 காட்டியதில் வியப்பில்லை.

4 ஆகஸ்ட் 2025

திருத்தம். 2008இல் மத்திய அரசு தொடங்கியது சில மாவட்டங்களில் நடந்த சோதனை முயற்சி மட்டுமே. தேசியத் திட்டம் 2010இல் 21 மாநிலங்களின் 100 மாவட்டங்களில் தொடங்கிப் பிறகுதான் விரிந்தது. பதற்றத்தில் எழுதினால் இப்படித்தான். விருதுநகர், சிவகங்கை பற்றி எழுதியது சரி. 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது எங்களுக்குத் தொற்றா நோய்க்கென்றே தனிச் செவிலியர் ஒருவர் வந்தார். அவர் வந்த பிறகுதான் என் சிவப்பு மை நோட்டுக்கு ஓய்வு கிடைத்தது.

9 ஆகஸ்ட் 2025

வாசகரைக் கண்டித்து எழுதிய கையோடு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 81 வயது. ரத்த அழுத்தம் கண்டுபிடித்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. தன்னார்வலர் மாதந்தோறும் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு மாதமும் தவறியதில்லை. அலமாரியில் ரேஷன் அட்டையைத் தேடும்போது பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கையில் தட்டுப்பட்டது. திறந்தால் உள்ளே ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரை அட்டைகள். எண்ணிப் பார்த்தேன், பிரிக்காத அட்டைகள் பதினேழு. ஒவ்வொன்றிலும் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று என்ற முத்திரை. அந்த அட்டைகளைப் பெட்டி பெட்டியாகக் கிடங்கிலிருந்து வாங்கி அடுக்கியவன் வீட்டில்தான் இந்தக் காட்சி.

"தலை சுத்துற அன்னிக்குப் போட்டுக்குவேன்" என்றார் அம்மா. மற்ற நாள்களில் வேண்டாமா என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு மாத்திரை? அந்தப் பிள்ளை மெனக்கெட்டுக் கொண்டு வருது, வேணாம்னா மனசு கஷ்டப்படும்னு வாங்கி வைச்சுக்கிறேன்" என்றார். அழுத்தம் பார்த்தேன். 174/92. 140/90க்குக் கீழே இருந்தால்தான் கட்டுக்குள் என்று கணக்கு.

எனவே என் முதல் குறிப்பை நானே மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. வாசகர் சொன்ன காரணம் தவறு என்பதில் எனக்கு இன்னும் ஐயமில்லை. ஆனால் ஓட்டைப் பானை என்ற அவருடைய உவமை, அவர் நினைக்காத இடத்தில் பொருந்துகிறது. 2020இல் மாநில அளவில் எடுத்த ஆய்வில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரையில் 10.8 சதவீதம். 2023-24இல் எடுத்த இரண்டாம் சுற்றில் அவை முறையே 17 ஆகவும் 16.7 ஆகவும் உயர்ந்தன. ரத்த அழுத்தத்தில் மூன்றாண்டுகளில் இரு மடங்குக்கு மேல் என்று ஒருவர் மேடையில் பேசலாம். ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டும் உண்மையே.

திட்டத்தைப் பற்றி நாம் கேள்விப்படும் எண்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டத்தில் ஒரு கோடியாவது பயனாளி, 2024 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் இரண்டு கோடியாவது பயனாளி. என் அம்மாவும் அந்த இரண்டு கோடியில் ஒருவர். பிஸ்கட் டப்பா எந்தக் கணக்கிலும் இல்லை.

10 ஆகஸ்ட் 2025

"மருந்தாளுநர் வீட்டிலேயே இந்தக் கதியா?" என்று கேட்டவருக்கு: ஆம். செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளை வெறுங்காலோடு நடந்த கதைதான்.

நடையைப் பற்றிக் கேட்டவருக்கு: 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு தொடங்கியது. எங்கள் மாவட்டத்துப் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். பாதை நன்றாகவே இருந்தது. அதன் தொடக்கத்தில் கார்களை நிறுத்த இடம் போதவில்லை. களை எடுக்கப் போகிறவர்கள் யாரையும் அங்கே காணவில்லை. அவர்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார்கள்.

17 ஆகஸ்ட் 2025

அம்மா மாத்திரையை விழுங்காதது ஒரு பாதி. மறு பாதி என்னைப் போன்றவர்கள் செய்தது. அதை எழுதாமல் விட்டால் நேர்மையாகாது.

புறநோயாளிச் சீட்டில் மருத்துவர்கள் சி.எஸ்.டி. என்று மூன்று எழுத்து எழுதுவார்கள். அதே மருந்தைத் தொடரவும் என்று பொருள். நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்கும் நாளில் அந்த மூன்று எழுத்து மருத்துவருக்கும் வசதி, எனக்கும் வசதி. ஒரு விவசாயிக்கு நான் ஆறு ஆண்டுகள் அதே ஐந்து மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்தேன். அவருடைய சீட்டில் ஒவ்வொரு மாதமும் 160, 166, 158 என்று செவிலியர் எழுதியிருப்பார், கீழே சி.எஸ்.டி.; அதன் கீழே நான் கொடுத்ததற்கான டிக். அவர் ஒரு நாளும் மாத்திரையை விட்டவர் அல்லர். ஏழாம் ஆண்டு இடது பக்கம் விழுந்துவிட்டது. எந்த ஊர், எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. பக்கத்தில் இருந்த மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்தோம். மருந்தைக் கூட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் அது தன் வேலை அன்று என்று இருந்துவிட்டோம்.

இதனால்தான் 2017 நவம்பரில் பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளம், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதில் புதிய மருந்து எதுவும் இல்லை. அம்லோடிபின் முதலில், அடங்காவிட்டால் டெல்மிசார்டன், அதற்கும் அடங்காவிட்டால் அளவைக் கூட்டு, பிறகு குளோர்தாலிடோன் என்று ஒரே தாளில் அடங்கும் படிக்கட்டு. எந்த எண்ணுக்கு எந்தப் படி என்று சுவரில் ஒட்டியிருந்தால், சி.எஸ்.டி. எழுத வருகிற கை ஒரு கணமாவது தயங்கும். படிக்கட்டு குறுகியதாக இருப்பதால் கிடங்கும் இந்தச் சில மருந்துகளை மட்டும் குவித்து வாங்கலாம், இருப்புத் தீராது. அதைவிட முக்கியம் அவர்கள் வைத்த கணக்கு. ஒரு காலாண்டில் பதிவான அத்தனை பேரில் எத்தனை பேருக்குக் கடைசி வருகையில் 140/90க்குக் கீழே இருந்தது என்பதே கேள்வி. வராதவரும் கட்டுக்குள் இல்லாதவராகவே எண்ணப்படுவார். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. 2022இல் அதற்கும் ஐ.நா. விருது கிடைத்தது, நம்முடையதற்கு 2024இல் கிடைத்தது போலவே. விருதைப் பற்றி முதல் வாசகருக்கு இருந்த எரிச்சலை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. ஆனால் முதல் விருதுக்குரியதன் கணக்கை இரண்டாவது விருதுக்குரியது கடன் வாங்க வேண்டும் என்பேன்.

இருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவாகும் முன் எங்களுக்கு மாத்திரைகள் பெரிய டின்களில் உதிரியாக வரும். பழைய தாளில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் மடிப்புக்குள் மாவாகிவிடும். பிறகுதான் அட்டைகளும், ஒவ்வொரு நிலையத்துக்கும் மருந்து வாங்கியதைப் பதிய ஒரு பாஸ்புக்கும், மாவட்டக் கிடங்கும் வந்தன. அந்தக் கிடங்குகள் இல்லாமல் வீட்டு வாசலுக்கு மாத்திரை என்ற பேச்சே எழுந்திருக்காது.

24 ஆகஸ்ட் 2025

சோற்றுக்கு வருகிறேன். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், இதில் எனக்கே தெளிவு போதாது என்பதுதான்.

2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் சொன்னது. கோவாவில் 26.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8. சோறு மட்டுமே காரணம் என்றால் கோதுமை தின்னும் பஞ்சாப் தப்பித்திருக்க வேண்டும், தப்பவில்லை. ஆனாலும் தீட்டிய வெள்ளை அரிசியைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

கொள்கையாகப் பார்த்தால் சிக்கல் இங்கே இருக்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. என் ஜன்னலுக்கு வெளியே ஓர் அம்மாள் கேட்டதை மறக்க முடியாது: "சோத்தைக் குறைன்னு டாக்டர் சொல்றாரு. குறைச்ச இடத்துல எதை வைக்கிறதுன்னு சொல்லலியே." பருப்பும் காய்கறியும் முட்டையும் காசு, அரிசி மட்டும் இலவசம். பசியை வென்ற அதே அரிசிதான் இன்று சர்க்கரையைக் கூட்டுகிறது என்று மேம்போக்காகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. பசியை நான் பார்த்திருக்கிறேன்.

நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இதுதான் சரியான வழி, மாநிலம் முழுவதும் கொண்டு வர வேண்டும்.

25 ஆகஸ்ட் 2025

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன், பாதியளவு. தருமபுரிக்காரர் ஒருவர் தம் வீட்டில் கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழ் காய்ச்சிக் குடித்த பிறகு குளுக்கோமீட்டரில் 240 காட்டியதாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. மாவு எவ்வளவு நைசோ, கூழ் எவ்வளவு நீர்த்ததோ, அவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறும். சிறுதானியம் என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றாது. களியாகக் கிண்டி, உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் குழம்போடு தின்றால் கதை வேறு. ஆக, கொடுக்கப்படும் தானியத்தோடு சமைக்கும் முறையும் தட்டின் அளவும் சேர்ந்தே கணக்காகும். ரேஷன் கடை முதலாவதை மட்டுமே மாற்ற முடியும்.

7 செப்டம்பர் 2025

உப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அம்மா காரம் சேர்க்காத, இனிப்புத் தொடாத ஆள். ஆனால் பழைய சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், மதியம் அப்பளம், வாரத்தில் இரண்டு நாள் கருவாடு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. அம்மாவின் ஊறுகாய்த் துண்டு ஒன்றை நீரில் ஊறவைத்து அந்த நீரைச் சுவைத்துப் பார்த்தேன், கடல்தான்.

வடக்குச் சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பாதிக் கிராமங்களுக்குச் சோடியம் குளோரைடில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிய உப்பைக் கொடுத்தார்கள். யாரையும் உப்பைக் குறைக்கும்படி கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அயோடின் சேர்த்த உப்பைக் கடைதோறும் கொண்டு சேர்த்த நாட்டுக்கு இது முடியாத காரியம் அன்று. ஒரே ஓர் எச்சரிக்கை: சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து, நம்மூரில் தமக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரியாதவர்களே அதிகம். அந்தச் சோதனை முதலில், இந்த உப்பு பிறகு.

23 செப்டம்பர் 2025

நேற்று முதல் புதிய ஜி.எஸ்.டி. விகிதங்கள். மருந்துகளுக்கு 12லிருந்து 5 ஆயிற்று, மகிழ்ச்சி. அதே பட்டியலில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் 18லிருந்து 5. மிக்சர், நூடுல்ஸ் 12லிருந்து 5. குளிர்பானத்துக்கு முன்பு 28ம் கூடுதல் வரி 12ம் சேர்ந்து 40, இப்போது நேராக 40. மாத்திரையும் பிஸ்கட்டும் ஒரே விகிதத்தில் நிற்கின்றன. அம்மாவின் டப்பாவிலும் அப்படித்தான் நின்றன.

மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டு, முதல் ஆண்டிலேயே விற்பனையில் சுமார் 6 சதவீதச் சரிவைக் கண்டது. சிலி 2016இல் சர்க்கரையோ உப்போ மிகுந்த பொட்டலத்தின் முகத்தில் கறுப்பு எண்கோணம் அச்சிட வைத்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வரைவோ பொட்டலத்துக்கு அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரலாம் என்றது. ஒன்றரை நட்சத்திரம் வாங்கிய சிப்ஸைப் பார்த்து, பரவாயில்லை, ஒன்றரையாவது வாங்கியிருக்கிறதே என்றுதான் என் பேரன் சொல்வான்.

28 செப்டம்பர் 2025

யாழ்ப்பாணத்து வாசகர் எழுப்பிய கேள்வி எங்களுக்கும் உரியது. இலங்கையில் 2011 முதல் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்குப் பெண்கள் வருகிறார்கள், ஆண்கள் வருவதில்லை என்கிறார். காலையில் திறந்து மதியம் மூடினால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? எங்கள் தன்னார்வலரும் பதினோரு மணிக்குத்தான் வருகிறார். அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் என் அம்மாவும் அவர் வயதுக்காரர்களும்தான். நாற்பது வயதுக் கொத்தனாருக்குத் தமக்கு அழுத்தம் இருப்பதே தெரியாது. 2024இல் தொழிற்சாலைகளுக்குள் போய்ச் சோதிக்கும் திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் தொடங்கியது. நல்லதுதான், ஆனால் கொத்தனாருக்குத் தொழிற்சாலை ஏது? டீக்கடை பெஞ்சில் ஒரு கருவியை வைக்கலாம் என்று பாதி விளையாட்டாகச் சொல்கிறேன்.

2 நவம்பர் 2025

அம்மா என்ன ஆனார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

டப்பாவை நான் தூக்கிப்போடவில்லை. தேதி கடந்த அட்டைகளை மட்டும் எடுத்தேன். தன்னார்வலரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு முகம் வாடிவிட்டது. அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை: கொடுத்தேனா என்று கேட்கிறவர்கள் உண்டு, விழுங்கினார்களா என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அடுத்த மாதம் வந்தபோது தம் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் அவரே ஒரு கோடு இழுத்து, அந்தக் கட்டத்தில் அழுத்தத்தையும், அட்டையில் மீதமிருந்த மாத்திரைகளையும் எழுதினார். "பாட்டி, நாலு மாத்திரை மிச்சம் இருக்கே, எந்த நாலு நாள் போடல?" என்று கேட்டார். மகன் ஒரு மாதமாகக் கத்தியதற்கு மசியாத அம்மா, அந்தப் பெண்ணிடம் நாள்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: இரண்டு நாள் கல்யாண வீடு, ஒரு நாள் மறதி, ஒரு நாள் தெரியவில்லை.

ஆகஸ்டில் 174/92. செப்டம்பரில் 160/88. அக்டோபரில் மாத்திரை ஒன்றும் மீதமில்லை, 152/86. இனி ஐந்து மில்லிகிராமில் இறங்காது என்று நினைக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன். சீட்டில் அந்த மூன்று எழுத்து விழுந்தால், இந்த முறை ஜன்னலுக்கு வெளியே நிற்பவனாக நின்று கேட்கப் போகிறேன்.